அகத்தா அண்ணியின் நெஞ்சுச் சத்தம்

அகத்தா அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதிலேயே ஒன்றைக் கவனித்தேன். அவள் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவே மாட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கம் படுத்தா என் நெஞ்சு அடிக்கிறது தலகாணியில கேக்குது ஜோன். எனக்கு அதக் கேக்கப் பிடிக்கல" என்றாள். நான் அப்போது இருபது வயதுப் பெண். அவள் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள்.

மலேசியாவில் சுங்கை பட்டாணி ஊரில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த பலகை வீடு ஒன்றில் நானும் என் அண்ணன் மோரிஸும் குடியிருந்தோம். அப்பா அம்மா போய்ச் சேர்ந்திருந்தார்கள். அண்ணன் ரப்பர் பால் ஏற்றும் டாங்கி லோரி ஓட்டினார். நான் பிறை என்ற ஊரில் ரேடியோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் பால் ஏற்றப் போன இடத்தில் அண்ணன் அகத்தாவைப் பார்த்தார். மாதா கோயில் சாமியாரிடம் சொல்லி முறையாகப் பெண் கேட்டு, 1975இல் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவள் முன்னறையில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டாள். தெருப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு வரத் தொடங்கினார்கள்.

அவளுக்கு ஓர் அக்காள் இருந்து செத்துப்போனாள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். மற்றதை அவள் சொல்ல வெகுநாள் ஆயிற்று.

அக்காள் பெயர் கேதரின். இருவரும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். சின்ன வயதில் ஒருமுறை இருவருக்கும் சேர்ந்தாற்போல் தொண்டை கட்டிக் காய்ச்சல் அடித்தது. அது விட்டுக் கொஞ்ச நாளில் முட்டி வீங்கியது. முட்டி வற்றியதும் வலி கணுக்காலுக்கு இறங்கியது, பிறகு மணிக்கட்டுக்கு ஏறியது. ஒரு மூட்டில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தது. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. வீட்டில் எல்லாரும் மறந்தும் போனார்கள்.

கேதரின் பெரியவளான பிறகு தங்கைக்கு ஒரு வேடிக்கை காட்டுவாள். தங்கையின் உள்ளங்கையை எடுத்துத் தன் இடது மார்புக்குக் கீழே வைத்துக்கொண்டு, "என் நெஞ்சுக்குள்ள ஒரு பூன இருக்குடி, தெரியுதா?" என்பாள். உண்மையிலேயே தெரியும். மடியில் படுத்த பூனையைத் தடவினால் அதன் உடம்புக்குள் ஓடுமே ஓர் அதிர்வு, அது போலவே கைக்குள் ஓடும். அகத்தா சிரிப்பாள். கேதரினும் மூச்சு வாங்கச் சிரிப்பாள்.

கேதரினுக்கு அதே தோட்டத்தில் கல்யாணம் ஆகி, 1970இல் வயிற்றில் பிள்ளை தரித்தது. மாதம் ஏற ஏற பால் வெட்ட அவளால் மேட்டு மரங்களுக்கு ஏற முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். மார்பில் ஏதோ ஏறி உட்கார்ந்து அமுக்குகிறது என்று லயத்தில் சொன்னார்கள். அவர்கள் அப்பா சாமியாரை அழைத்துவந்து தீர்த்தம் தெளிக்கச் செய்தார். புருஷன் வீட்டார் வேறு யாரையோ கூட்டிவந்து தாயத்துக் கட்டினார்கள். ஏழாம் மாதத்தில் ஒரு நடுப்பகலில், எல்லாரும் வேலைக்காட்டில் இருந்தபோது, கேதரின் வாயைத் திறந்து காற்றை அள்ளி அள்ளி விழுங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து அகத்தா விசிறிக்கொண்டிருந்தாள். அக்காளின் வாயோரம் ரோஸ் நிறத்தில் நுரை வந்தது. அதைத் துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினாள். திரும்பி வந்தபோது மூச்சுச் சத்தம் இல்லை. உட்கார்ந்தபடியே போயிருந்தாள்.

அகத்தா அண்ணி இதை எனக்குச் சொன்னது அவளே வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தபோது. சொல்லவேண்டி வந்துவிட்டது, ஏனென்றால் அதற்குள் கேதரின் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியிருந்தாள்.

பகலில்தான் வருவாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அண்ணி கொஞ்சம் கண்ணசரும் நேரத்தில் கட்டிலின் காலடியில் வந்து உட்காருவாள். பேசமாட்டாள். வாயைத் திறந்து, தோள்கள் ஏறி இறங்க, மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். அண்ணி கண்விழித்தால் அந்த மூச்சு மட்டும் அறைக்குள் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகுதான் அது தன் மூச்சு என்று அண்ணிக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்காள் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வயித்துப் புள்ளயோட போனவ. மனசு அடங்குமா? தங்கச்சிக்குப் பொறக்கப் போற புள்ள மேல ஆச வந்திருக்கும்" என்றார். மோரிஸ் அண்ணனுக்குக் கோபம் வந்தது. ஜெபமாலையைக் கட்டில் தலைமாட்டில் மாட்டினார். அண்ணி அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து தூங்கினாள். நாங்கள் எல்லாருமே பயந்திருந்தோம். அந்த அறையைத் தாண்டும்போது நான் உள்ளே பார்க்கமாட்டேன்.

கடைசியில் வழி காட்டியதும் செல்லாயி அக்காள்தான். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அண்ணியின் கால்களைப் பார்த்தார். குனிந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது.

"ஏம்மா மோரிஸ் பொஞ்சாதி, பேய் அமுக்கினா கால் எதுக்கு வீங்குது? நான் சொன்னத விடு. நாளைக்கே டாக்டருகிட்ட போ லா" என்றார்.

பெரிய கடைத்தெருவில் பரஞ்சோதி டாக்டர் என்று ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நான்தான் அண்ணியைக் கூட்டிப் போனேன். அவர் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னார். அண்ணி தயங்கினாள்.

"ஏன் பிள்ளை, அந்தப் பக்கம் படுக்கிறதில்லையோ?"

"பயமா இருக்கும் டாக்டர்."

"ஒருக்காப் படும். நான் பக்கத்தில நிக்கிறன்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய அறைக்கு இரண்டு சிறகாகப் பிரிந்து திறக்கும் பழைய அரைக்கதவு. அதைக் காட்டித்தான் பேசினார்.

"நெஞ்சுக்குள்ள நாலு அறை இருக்கு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. உடம்பு முழுக்கச் சுத்திக் களைச்சு வாற ரத்தம் வலப்பக்கம் வந்து, அங்கயிருந்து நுரையீரலுக்குப் போகும். அங்க காத்தைப் பிடிச்சுச் சிவந்து இடப்பக்க மேல் அறைக்குத் திரும்பும். மேல் அறையிலயிருந்து கீழ் அறைக்கு இறங்க ஒரு கதவு, இதுபோல ரெண்டு சிறகுக் கதவு. இது ரெண்டு பக்கமும் ஆடும். அது ஒரு பக்கந்தான் திறக்கும். கீழ் அறைதான் ரத்தத்தை உடம்பெல்லாம் தள்ளுறது. விளங்குதோ?"

அண்ணி தலையாட்டினாள்.

"உமக்கு அந்த ரெண்டு சிறகும் ஓரத்தில ஒட்டிப்போச்சு. சின்னனில தொண்டை நோவும் மூட்டு வீக்கமும் வந்ததோ?"

"வந்துச்சு. அக்காவுக்கும் வந்துச்சு."

"அதுதான். மூட்டில வந்தது போயிடும். கதவில வந்தது போகாது. இப்ப உமக்கு ஒரு பொத்தான் ஓட்டை அளவுதான் வழி. ரத்தம் இறங்க ஏலாமல் நுரையீரலில தேங்குது. படுத்தால் காலில கிடக்கிற ரத்தமும் சேர்ந்து நெஞ்சுக்கு வரும். அதாலதான் மூச்சு முட்டி எழும்புறீர். வயித்தில பிள்ளை தங்கினால் தாயின்ர உடம்பில ரத்தம் கூடும். கதவு கூடாது."

குழலை அண்ணியின் காதிலேயே மாட்டினார். அவள் கேட்டாள். பிறகு என்னிடமும் கொடுத்தார். முதலில் ஒரு 'லப்', அடுத்து ஒரு 'டப்'. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள கதவுகள் சாத்துவது முதல் சத்தம், ரத்தம் வெளியேறும் வாசல்கள் சாத்துவது இரண்டாவது என்றார். அண்ணியின் நெஞ்சில் அதோடு முடியவில்லை. இரண்டுக்கும் பிறகு, தூரத்துத் தார்ச் சடக்கில் பார லோரி போவதுபோல் ஓர் உறுமல் ஓடியது. குறுகிய வழியில் ரத்தம் நெருக்கியடித்து இறங்கும் சத்தம் அது.

அண்ணி தன் கையைத் தன் மார்புக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

"இது எங்க அக்கா நெஞ்சு, டாக்டர்."

கேதரின் எப்படிச் செத்தாள் என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள், அந்த ரோஸ் நுரைவரைக்கும். டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவவுக்கும் இந்தக் கதவுதான் பிள்ளை."

"அப்ப... மேல ஏதும் ஏறி உக்காரலியா?"

"ஒண்டும் உட்காரேல்ல."

வெளியே வந்து பஸ் நிற்குமிடத்தில் அண்ணி அழுதாள். "தாயத்துக் கட்டுனோம் ஜோன். அவளுக்கு ஒரு கதவு ஒட்டியிருந்திருக்கு, நாங்க தாயத்துக் கட்டுனோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே அறுவை. நெஞ்சைத் திறந்து இதயத்தை நிறுத்துகிற அறுவை அல்ல அது. இடப்பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே பிளந்து, மேல் அறையின் ஓரத்தில் காதுமடல்போல் தொங்கும் ஒரு சின்னப் பையில் துளையிட்டு, அங்கிருந்த டாக்டர் தன் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டார். இதயம் அடித்துக்கொண்டே இருந்தது. விரல் கதவைத் தேடிப் போய், ஒட்டியிருந்த ஓரங்களை அழுத்திப் பிரித்தது. அவ்வளவுதான்.

அண்ணி பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. பெண் பிள்ளை. நவமணி என்று ஞானஸ்நானம் கொடுத்தோம்.

படுத்துத் தூங்கினாள், படி ஏறினாள், காய்கறி வாங்கப் பாசாருக்கு நடந்தே போனாள். மெஷின் மறுபடி ஓடியது. ஆனால் பொத்தான் ஓட்டை தைக்கமாட்டாள். சட்டையை என்னிடம் நீட்டி, "இத மட்டும் நீ பண்ணிக் குடு" என்பாள். நவமணி தவழ்ந்துகொண்டிருந்த நாளில் ஒரு மத்தியானம், கட்டிலின் காலடியைப் பார்த்தபடி அவள் நின்றிருந்தாள்.

"என்ன அண்ணி?"

"அவ வர்றதே இல்ல ஜோன். கைய வச்சிப் பாத்தாலும் அந்தப் பூன இல்ல. டாக்டரு வெரல விட்டு வெரட்டிட்டாரு."

நல்லதுதானே என்றேன். அவள் குனிந்து அங்கே கிடந்த பாயைத் தட்டிப் போட்டாள்.

வருடங்கள் போயின. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அது வேறு கதை. 1984 வாக்கில் அண்ணி அழகாகிவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கன்னம் இரண்டிலும் சிவப்பு ஏறியிருந்தது. கொஞ்சம் நீலம் கலந்த சிவப்பு. நானும் அதை அழகு என்றே நினைத்தேன். ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் மின்சாரம் நின்று எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். மத்தியானமே வீடு வந்தேன். அறைக்குள் அண்ணி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையின் குரலில், கொஞ்சலாக, நடுநடுவே சிரிப்போடு.

உள்ளே போனேன். அண்ணி கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் யாரும் இல்லை. தரைப் பாயில் மட்டும் ஒரு தலையணை, உட்காருகிறவர் முதுகுக்கு வைப்பதுபோல் நிமிர்த்தி வைத்திருந்தது.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"கொஞ்ச நாளாச்சு." மூச்சு எடுத்துவிட்டுத்தான் அடுத்த சொல்லைச் சொன்னாள். "உங்கண்ணங்கிட்ட சொல்லாத. சொன்னா மறுபடி வெரட்டிருவாங்க. இந்தத் தடவ அவ சிரிக்கிறா ஜோன்."

அன்று மாலை அண்ணன் லோரியை நிறுத்தி உள்ளே வந்ததும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பரஞ்சோதி டாக்டருக்கு அதற்குள் தலை நரைத்திருந்தது. பிரித்துவிட்ட கதவு தடித்துச் சுண்ணாம்பு ஏறி மறுபடி இறுகிவிட்டது, கன்னத்துச் சிவப்பும் அதனால்தான், இனி விரலால் ஆகாது, அதை அறுத்தெடுத்துவிட்டு உலோகத்தில் செய்த கதவு வைக்கவேண்டும் என்றார். அண்ணி மாட்டேன் என்றாள். அண்ணன் கெஞ்சினார், சத்தம் போட்டார். சாமியார் வந்து பேசிப் பார்த்தார். "இருக்குற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்று ஒரே பேச்சாக நின்றாள். மத்தியானம் ஆனால் அறைக்குள் போய்விடுவாள்.

அவள் மனதைத் திருப்பியது எங்கள் யாருடைய வார்த்தையும் இல்லை. நவமணிக்கு அப்போது எட்டு வயது இருக்கும். பள்ளி விட்டு வந்தவள் அம்மா அறைக்குள் போனாள். நான் அறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கட்டிலின் காலடியில், அந்தத் தலையணையில் சாய்ந்து பிள்ளை உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். தோள்களை ஏற்றி இறக்கினாள். காற்றை அள்ளி அள்ளி விழுங்கினாள்.

"என்னாடி பண்ற?" என்றாள் அண்ணி.

"பெரியம்மா மாதிரி மூச்சு விடுறேம்மா. நீங்கதானே தினமும் அவங்கள பாத்துச் சிரிக்கிறீங்க. என்னையும் பாருங்க."

அண்ணி கட்டிலை விட்டு இறங்கிய வேகத்தில் விழுந்துவிட்டாள். நான் ஓடித் தூக்கினேன். பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அவள் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினாள். "அப்பிடி விடாத, அப்பிடி விடாத" என்றாள். பல நாளாகப் பேசாமல் இருந்தவள் அப்போதுதான் என்னிடம் பேசினாள். "ஜோன், உங்கண்ணன வரச்சொல்லு. கோலாலம்பூருக்குப் போவோம்."

புறப்படும் முன் அறையைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே இருந்தாள். என்ன சொன்னாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

இந்த முறை இதயத்தை நிறுத்தினார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, ஓர் இயந்திரம் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் பதிலாக அதற்குக் காற்றேற்றி உடம்புக்குள் திருப்பி அனுப்பியது. அந்த நேரத்தில் பழைய கதவை வெட்டியெடுத்துப் புதியதைத் தைத்தார்கள். ஒரு சின்னக் கம்பிக் கூண்டு, அதற்குள் மேலும் கீழும் துள்ளும் ஓர் உருண்டை. ரத்தம் வந்தால் உருண்டை விலகும், கீழ் அறை இறுகினால் திரும்பி வந்து வாசலை அடைக்கும்.

வார்டில் அண்ணியைப் பார்க்கப் போனபோது ஒரு சத்தம் கேட்டது. யாரோ கைக்கடிகாரத்தைக் கட்டில் இரும்பில் தொங்கவிட்டிருப்பதாக நினைத்தேன். டிக், டிக், டிக். குனிந்து அவள் நெற்றியில் கை வைத்தபோதுதான் அது அவளிடமிருந்து வருகிறது என்று தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன். பிறகு மறுபடி வைத்தேன்.

அண்ணி கண் திறந்தாள். "நிறுத்தி வச்சிருந்தாங்களாமே ஜோன்."

"ஆமா அண்ணி."

"அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன்?"

போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன். இன்றுவரை அவள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கேதரினைப் பார்க்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை, மாதா மாதம் ரத்தப் பரிசோதனை, காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால் வெகுநேரம் நிற்காத ரத்தம் என்று வாழ்க்கை ஓடியது. கோயிலில் எல்லாரும் மௌனமாக முழந்தாளிடும் நேரத்தில் அந்தச் சத்தம் நான்கு வரிசைக்குக் கேட்கும். சிறுபிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் இடம் மாறி உட்காரத் தொடங்கியது. செல்லாயி அக்காளுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. "நீ வர்றது சடக்குலயே தெரிஞ்சிருது" என்பார்.

வீட்டில் எங்களுக்குப் பழகிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். பலகைச் சுவருக்கு இப்பால் படுத்திருக்கும் எனக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்கிறவரை தூங்குவேன். அண்ணி புரண்டு படுத்துச் சத்தம் ஒரு நொடி மங்கினால் விழித்துவிடுவேன்.

1987இல் மழைக்காலம் தொடங்கியபோது நவமணிக்குத் தொண்டை வலி வந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை, உடம்பு கொதித்தது. மற்ற வீடாக இருந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லியிருப்பார்கள். அண்ணி அவளை அந்த மழையிலேயே பரஞ்சோதி டாக்டரிடம் இழுத்துப் போனாள். பென்சிலின் போட்டார். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் முழுக்கச் சாப்பிட்டால் போதும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

அண்ணிக்குப் போதவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளையின் முட்டியைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு விடியற்காலை என்னை எழுப்பினாள். நவமணி தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் மார்பில் காதை வைத்து, நிமிர்ந்து, மறுபடி வைத்தாள்.

"எனக்குக் கேக்கல ஜோன். எங்க வச்சாலும் என் சத்தந்தான் கேக்குது. நீ கேளு."

நான் குனிந்து காதை வைத்தேன். பிள்ளையின் சட்டை வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தில் அண்ணியின் டிக், டிக். அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கேட்டது. லப், டப். நடுவில் ஒன்றும் இல்லை. லப், டப்.

"சுத்தமா இருக்கு அண்ணி."

"பின்னால ஏதும் ஓடுதா?"

"ஒண்ணும் ஓடல."

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி."

அவள் நம்பினாளா என்று தெரியாது. எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். மறு மாதமும் என்னை எழுப்பினாள். அதற்கு அடுத்த மாதமும். நவமணி பெரியவளாகி, "விடுங்க அத்த, கூச்சமா இருக்கு" என்று சிணுங்கத் தொடங்கிய பிறகும் நான் போய்க் கேட்டுச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.